ஊஞ்சலை மாட்டியவன்

வானவடியில் எங்கள் ஃபிளாட்டின் கூடத்தில் ஓர் ஊஞ்சல் உண்டு. கொலுவுக்கு இடம் வேண்டும் என்பதால் நவராத்திரிக்கு முன் அதைக் கழற்றுவேன்; பொம்மைகள் பெட்டிக்குள் போனதும் திரும்ப மாட்டுவேன். போன வருடம் மாட்டும்போது ஒரு போல்ட்டைக் காணோம். பலகையையும் சங்கிலியையும் சேர்க்கும் போல்ட். பரணில் ஏறித் தேடச் சோம்பல். கட்டுக்கம்பியால் நாலு சுற்றுச் சுற்றி இறுக்கினேன். சனிக்கிழமை கடைக்குப் போய்ப் புதிது வாங்கிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். இரண்டு சனிக்கிழமைகள் போயின.

எதிர் ஃபிளாட்டில் இருப்பவர் இதே ஊரில் கட்கிப் பக்கம் பிறந்து வளர்ந்த, பேச்சில் இந்தி கலக்கும் தமிழ்ப் பெண். அவருடைய ஏழு வயது மகள் பள்ளி விட்டதும் எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவாள். நான் வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறவன். அம்மா ஆபீஸிலிருந்து திரும்பும்வரை குழந்தை ஊஞ்சலைவிட்டு இறங்க மாட்டாள். அதற்கடுத்த வாரம் ஒரு நாள் கம்பி அறுந்து பலகை ஒரு பக்கம் சரிந்தது. குழந்தையின் முன்கை எலும்பு முறிந்தது.

மாவுக்கட்டுப் போட்டுக்கொண்டிருந்தபோது எனக்கு நினைவுக்கு வந்தது பாலிசி. சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. வீட்டுக் காப்பீட்டோடு, வந்துபோகிறவர்களுக்கு அடிபட்டால் ஈடு கொடுக்கும் பிரிவையும் சேர்த்து எடுத்திருந்தேன். ஆஸ்பத்திரி வாசலிலிருந்தே ஏஜென்டை அழைத்தேன். அவர் ஒன்றை மட்டும் அழுத்திச் சொன்னார்: தப்பு என்னுடையது என்று யாரிடமும் வாய்விடக் கூடாது, அதைக் கம்பெனி பார்த்துக்கொள்ளும். கேட்க எனக்கு வசதியாகவே இருந்தது.

மறுநாள் படிவத்தோடு எதிர் வீட்டுக்குப் போனேன். அவர் அதைக் கையில்கூட வாங்கவில்லை.

"அதெல்லாம் வேணாம் அண்ணா, ஆபீஸ் மெடிக்கல்லயே ஆயிடும். ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. ஊஞ்சல் லூஸா இருந்தது உங்களுக்கு மாலூம் இருந்துச்சா?"

"எனக்கு எப்படிங்க தெரியும்?" என்றேன். குரல் கொஞ்சமும் பிசிறவில்லை. வாய்விட வேண்டாம் என்றுதான் ஏஜென்ட் சொன்னார்; பொய் சொல்லச் சொல்லவில்லை. அது என் சொந்தச் சரக்கு.

அவர் பெருமூச்சு விட்டார். முகத்தில் நிஜமான நிம்மதி.

"நானும் அதான் எங்க வீட்டுக்காரர்கிட்ட சொன்னேன். தெரிஞ்சிருந்தா அண்ணா குழந்தைய உட்கார விட்டிருப்பாரான்னு."

திங்கட்கிழமை பள்ளி விட்டதும், கையில் கட்டோடு, குழந்தை எங்கள் வீட்டு மணியை அடித்தாள். அம்மாதான் இங்கேயே இருக்கச் சொன்னாளாம்.