மாத்திரைக்குத் தடை போட்டவர்

அந்த வெள்ளைக்காரப் பெண்ணை நினைத்தால் எனக்கு முதலில் வருவது அவள் முகம் இல்லை, வலது குதிகால். கொப்புளம் உடைந்து, மேலே அப்பிய விபூதி சீழில் ஊறிச் சேறாகியிருந்தது. என் காபிக் கடை பெஞ்சில் காலை நீட்டி உட்கார்ந்து, இந்த வலி நல்லது என்று சொல்லிச் சிரித்தாள்.

நான் எட்டாவதோடு படிப்பை விட்டவன். கோவாவில் ஓட்டலில் தட்டுக் கழுவி, லாரியில் கிளீனராகச் சுற்றி, கடைசியில் செங்கம் ரோட்டில் வந்து நின்றேன். செருப்பில்லாமல் நடந்த வருஷங்கள் உண்டு. சித்திரை வெயிலில் தார் ரோடு காலை என்ன செய்யும் என்று தெரியும். எங்கள் ஆட்கள் வெறுங்காலோடு கிரிவலம் போவார்கள், ஆனால் வெயில் தாழ்ந்த பிறகுதான் கிளம்புவார்கள். முதுகில் பையோடு நாடு நாடாகச் சுற்றி வந்த இவளுக்கு வெறுங்கால் மட்டும்தான் தெரிந்திருந்தது. உச்சி வெயிலில் மலையைச் சுற்றிவிட்டாள். அதற்காக அவள்மேல் எனக்குக் கோபம் இல்லை.

கோபமெல்லாம் தாடிக்காரர்மேல். அவளுடைய நாட்டுக்காரர். பல வருஷமாகக் காவி கட்டிக்கொண்டு இங்கேயே குடியிருப்பவர், தமிழும் பேசுவார். மாலையில் என் கடைக்கு மேலே மொட்டை மாடியில் புதிதாக வந்தவர்களை உட்காரவைத்து உபதேசம் செய்வார். விபூதி வைக்கச் சொன்னது அவர்தான். பழைய வினை கால் வழியாக வெளியேறுகிறது, மருந்து தின்றால் உள்ளேயே தங்கிவிடும் என்றும் சொல்லியிருந்தார்.

ஆட்டோவில் ஏற்றிப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். புண்ணைக் கழுவிய நர்சம்மா, “ஏம்மா, செருப்பு போட்டுக்கினு நடந்தா சாமி உன்ன கண்டுக்காதா?” என்று கேட்டுக்கொண்டே கட்டுப் போட்டார். மாத்திரையை விட்டால் சீழ் காலில் ஏறிவிடும் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொன்னார்.

மறுநாள் அவள் அறைக்குப் போனால் மாத்திரைக் கவர் பிரிக்காமல் கிடந்தது. புண்ணின் சிவப்பு, கணுக்காலைத் தாண்டியிருந்தது. உடம்பு அனலாகக் கொதித்தது. தாடிக்காரர் சொன்னால்தான் போடுவேன் என்றாள்.

நேராக மாடிக்குப் போனேன். கூட்டம் உட்கார்ந்திருந்தது.

“சாமி, அந்தப் பொண்ண மாத்திரை போடச் சொல்லுங்க. நீங்க சொன்னாதான் கேக்கும்.”

அவர் கண்ணைத் திறக்கவில்லை. “எல்லாம் மலை பாத்துக்கும்.”

“போன மாசம் பல்லு வலின்னு கார் வச்சிக்கினு மெட்ராஸ் போனீங்களே, அப்ப மலை என்னா பண்ணிக்கினு இருந்துச்சு?”

உட்கார்ந்திருந்தவர்களுக்குத் தமிழ் தெரியாது. அவருக்குத் தெரியும். கண் திறந்தது.

“இதையே இவங்களுக்கு இங்கிலீஷ்ல சொல்லட்டுமா? ஓட்டல் இங்கிலீஷ்தான். ஆனா புரியும்.”

எழுந்து, செருப்பை மாட்டிக்கொண்டு, என் பின்னால் வந்தார். அவள் தலைமாட்டில் நின்று அவர்கள் பாஷையில் என்னவோ மெதுவாகச் சொன்னார். அவள் மாத்திரையை விழுங்கினாள். இப்போது மருந்துக்கு மலை உத்தரவு கொடுத்துவிட்டதாம். அவர் அப்படிச் சொன்னதாகப் பிறகு அவளே சொன்னாள்.

கால் ஆறியது. ஊருக்குக் கிளம்பும்போது, காலைக் காப்பாற்றினீர்கள் என்று அவர் காலில் விழுந்தாள். உண்மை என் வாய் வரை வந்தது. அதற்குள் அவள் எழுந்து இரண்டு காலையும் ஊன்றி, பையை முதுகில் ஏற்றிக்கொண்டு நடந்தாள். பார்த்துக்கொண்டு நின்றேன்.

அந்தக் குதிகால் இன்றைக்கு மாடியில் உபதேசமாகிவிட்டது. மலையின் அருளால் ஆறிய கால் என்று புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்கிறாராம். கேட்டுவிட்டு அவர்கள் கீழே என் கடைக்குத்தான் காபி குடிக்க வருகிறார்கள். டம்ளரை வைத்துவிட்டு, அவருடைய பல்லைப் பற்றி நான் ஆரம்பிக்கிறேன்.