வாசிக்க ஆள் வேண்டாம்

துறைமுகத்துச் சரக்கு ஏஜென்ட் ஆபீசில் எங்கள் டாக்குமென்ட் வேலை ஜோடி போட்டுத்தான் நடக்கும். எக்ஸ்போர்ட்டர் மெயிலில் அனுப்புகிற எக்செல் பைலைப் பிரின்ட் எடுப்போம். ஒருத்தி அந்தத் தாளைப் பார்த்துக் கண்டெய்னர் நம்பரை வாசிப்பாள், இன்னொருத்தி கம்ப்யூட்டரில் அடிப்பாள். வாசிப்பது நான். அடிப்பது என் சிநேகிதி, புன்னைக்காயல்காரி. நான் நம்பர் சொன்னதும், செபமாலைக்குப் பதில் சொல்லுகிற அதே இழுவையில் திருப்பிச் சொல்லிக்கொண்டே அடிப்பாள். நடுநடுவே என் நாத்தனார் கதை, மேனேஜரின் தொப்பை எல்லாம் ஓடும். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் என் வீட்டுக்காரர் என் பேச்சுக்கு அவ்வளவு பதில் சொன்னதில்லை.

அப்போதுதான் கயத்தாற்றிலிருந்து ஒரு பெண் வேலைக்கு வந்து சேர்ந்தாள். வந்த வாரமே எங்கள் பின்னால் நின்று பார்த்துவிட்டு, "எக்கா, பைலுதான் கம்ப்யூட்டர்லயே இருக்குல்லா, எதுக்குத் தாள்ல எடுத்து வாசிக்கிய?" என்றாள்.

கேட்டதோடு விட்டாளா? குனிந்து விண்டோஸ் கீயோடு இடது அம்புக்குறியை அழுத்தினாள். எக்செல் திரையின் இடது பாதியில் போய் ஒட்டிக்கொண்டது. இன்னொரு க்ளிக்கில் வலது பாதியில் நாங்கள் நிரப்புகிற பாரம் வந்தது. பிறகு விண்டோஸ் கீயோடு வி. "மொதத் தடவ ஆன் பண்ணவான்னு கேக்கும், பண்ணிருங்க. இனி வரிசையா காப்பி பண்ணிட்டு மறுபடி அதையே அடிங்க" என்றாள். என் சிநேகிதி அடித்தாள். காப்பி செய்த நம்பரெல்லாம் ஒரு சின்னப் பெட்டியில் ஒன்றன்கீழ் ஒன்றாக நின்றன. புதிதாக ஒன்றைக் காப்பி செய்தால் முந்தினது போயே போய்விடும் என்றுதான் நாங்கள் நம்பியிருந்தோம்.

"ஏ அம்மா, இவ்வளவு நாளும் இது இங்கனதான் கெடந்துச்சா?" என்று என் சிநேகிதி கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். என் கதைகளுக்கு அவள் அப்படிச் சிரித்ததே இல்லை.

அதன்பின் என் நாற்காலிக்கு அவள் பக்கத்தில் வேலை இல்லை. சுவரோரம் உட்கார்ந்து பில்களை அடுக்கினேன். பிரவுசரில் தெரியாமல் ஒரு பக்கத்தை மூடிவிட்டால், "ஏளா, இங்கன வா" என்று அவள் கூப்பிடுவது அந்தப் பெண்ணைத்தான். அவள் வந்து கன்ட்ரோல், ஷிப்ட், டி மூன்றையும் சேர்த்து அழுத்த, மூடின பக்கம் திரும்பி வரும். பக்கம் வரட்டும், வராமல் போகட்டும். அதுவரை என்னை மட்டும் கூப்பிட்ட அந்த 'ஏளா' என்னுடையது. அதை நேற்று வந்தவளுக்கு எப்படித் தூக்கிக் கொடுத்தாள்?

ஒருநாள் கரண்ட் போய் வந்தது. பெட்டியில் இருந்ததெல்லாம் அழிந்திருந்தது. நான் ஆசை ஆசையாய்த் தாளைப் பிரின்ட் எடுத்து, நாற்காலியை இழுத்துக்கொண்டு போனேன். அதற்குள் அவள் மறுபடி காப்பி செய்து பாதி முடித்துவிட்டாள். கம்பெனி விலாசம் மட்டும் அழியவே இல்லை. அந்தப் பெண் அதைப் பின் பண்ணி வைக்கச் சொல்லிக்கொடுத்திருந்தாளாம்.

அதற்குமேல் எனக்கு அடங்கவில்லை. "இப்பம் உனக்கு எல்லாம் அவதான். நான் எதுக்கு?" என்று தாளை மேஜையில் எறிந்தேன்.

என் சிநேகிதி திகைத்துப் போனாள். "என்னளா பேசுத? ஆழ்வார்திருநகரி வரைக்கும் பஸ்ஸுல நின்னுக்கிட்டே போறேன், காலு விட்டுப்போகுதுன்னு தெனம் பொலம்புனது யாரு? வெள்ளன முடிச்சா கூட்டத்துக்கு முந்துன பஸ்ஸுல நீ உக்காந்து போவியேன்னுதான அவகிட்டப் போய்ப் போய்க் கத்துக்கிட்டேன்."

கால் வலித்தது நிஜம்தான். ஆனால் அவள் 'உச்' கொட்டுவாளே என்றுதான் அதைத் தினமும் சொன்னேன். இதை எந்த முகத்தோடு அவளிடம் சொல்ல?

இப்போதெல்லாம் முந்தின பஸ்ஸில் போகிறேன். ஜன்னலோரமே இடம் கிடைக்கிறது. பஸ் கிளம்பும் நேரத்தில் அந்தப் பெண்ணின் ஸ்கூட்டர் வரும், பின்னால் என் சிநேகிதி. ஓட்டுகிறவளின் தோளில் ஒரு கையை வைத்துக்கொண்டு, மறு கையால் சைகை காட்டி, உட்கார இடம் கிடைத்ததா என்று என்னைக் கேட்பாள். கிடைத்தது என்று தலையாட்டுவேன்.