மலை இறங்கி வந்த சனிக்கிழமை

பனி பார்க்க ஆட்களைக் கூட்டிப்போகும் தொழிலில் பனியைச் சமாளித்துவிடலாம், ஆட்களைத்தான் சமாளிக்க முடியாது. சனிக்கிழமைதோறும் கலிபோர்னியாவின் ஃப்ரீமான்ட்டிலிருந்து நம்மூர்க் குடும்பங்களை வேனில் ஏற்றி டாஹோ பனிமலைப் பக்கம் கொண்டுபோய்க் காட்டுகிறேன். விருந்தாளிகளுக்கு ஊர் சுற்றிக் காட்டியவர்களுக்கு என் பாடு புரியும். அதிலும் இந்தக் குளிர்காலத்தில் அநியாய வெயில். பெய்த பனி ஈரமாகிக் கனத்து, மொத்தமாகச் சரிந்துவிடும். இதை விளங்கவைப்பதற்குள் எனக்குத் தொண்டை வற்றிவிடுகிறது.

தனி வரிசை

"இன்னைக்கு மலையில பனிச்சரிவு இருக்கலாம்னு சொல்லிருக்காங்க" என்று மைக்கில் அறிவித்தேன். பின்சீட்டில் ஒருவர் கைதட்டினார். சென்னையிலிருந்து மகன் வீட்டுக்கு வந்திருந்த அங்கிள் அவர். பனிச்சறுக்கு என்று காதில் விழுந்திருக்கிறது.

பக்கத்திலிருந்த பேத்தி, "தாத்தா, இட்ஸ் நாட் அ ரைடு! இட் ஃபால்ஸ் ஆன் யூ!" என்று கத்தினாள். அவர் அசரவில்லை. என்னைப் பார்த்துக் கேட்டார்: "பரவால்லம்மா, சீனியர் சிட்டிசனுக்குத் தனி வரிசை இருக்கும்ல?"

ஃப்ரீசர்

"குளிரே இல்லையே, அப்புறம் என்ன பயம்?" என்று ஜாக்கெட்டைக் கழற்றினார் ஒரு பெண். வெயில்தான் ஆபத்தே என்றேன். அவருடைய கணவர் உடனே, "ஃப்ரீசரை டீஃப்ராஸ்ட் பண்ணா ஐஸ் கட்டியா விழுமே, அந்த மாதிரி" என்றார். அப்பாடா, ஒருவருக்காவது புரிந்ததே என்று எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

மனைவிக்குத்தான் தாங்கவில்லை. "வீட்ல ஒரு நாள் அந்த ஃப்ரீசரைத் தொட்டதில்ல, இங்க வந்து கிளாஸ் எடுக்குறாரு!"

புளியோதரை

ஒருமுறை நான் வேனை நிறுத்திவிட்டு வருவதற்குள், சரிவுக்கு நேர் கீழே வெயில் பார்த்து பெட்ஷீட் விரித்துவிட்டார்கள். நிமிர்ந்து பார்த்தேன். மேலிருந்து சின்னச் சின்னப் பனி உருண்டைகள் தானாக உருண்டு வந்துகொண்டிருந்தன. சரிவு பிடி விடப்போகிறது என்பதற்கு அடையாளம் அது.

"எழுந்திருங்க, இங்க வேண்டாம்" என்றேன். ஒருவரும் அசையவில்லை. அந்தக் குழுவை ஏற்பாடு செய்திருந்த ரமேஷ், "அக்கா, சும்மா டென்ஷன் பண்ணாதீங்க, நிழல்ல உக்காந்தா சாப்பாடு ஆறிடும்" என்றார். பேசிப் பயனில்லை. புளியோதரைப் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு வேனை நோக்கி நடந்தேன். "அக்கா! அக்கா!" என்று கூட்டம் மொத்தமும் குழந்தைகளோடு பின்னால் ஓடிவந்தது.

பாதித் தட்டு காலியாவதற்குள் மலை உறுமியது. பெட்ஷீட் இருந்த இடத்தில் ஆள் உயரத்துக்கு அழுக்குப் பனி. குழந்தைகளைத் தலை எண்ணிப் பார்த்தேன், எல்லாரும் இருந்தார்கள். அழுகையே வந்துவிட்டது எனக்கு. ரமேஷ் தட்டை நீட்டினார்: "அக்கா, இனிமே பாத்திரம் உங்ககிட்டயே இருக்கட்டும்."

எச்சரிக்கைக்கு மசியாத நம் ஜனங்கள் புளியோதரை போகும் திசையில் கேள்வி கேட்காமல் வருவார்கள் என்று தெரிந்தபிறகு, நான் மைக்கில் பேசுவதையே குறைத்துக்கொண்டுவிட்டேன்.