உப்பு போன சீஸ்

நெலிட்சா தையல்காரி. அவள் விளிம்பு மடித்துத் தைக்காத பள்ளிச் சீருடை மரகாய்போ நகரத்தில் எங்கள் தெருப் பிள்ளைகள் யாரிடமும் கிடையாது. வாயில் எப்போதும் குண்டூசிகளைக் கவ்விக்கொண்டிருப்பதால் பேசாமல் இருக்க அவளுக்கு ஒரு சாக்கு உண்டு. சிநேகிதிகள் எடிக்தாவும் ஒமைராவும் சாப்பிட வரும் நாட்களிலும் பேச்சு அவர்களுடையது, பலகாரம் இவளுடையது.

பலகாரம் பெரிய வித்தை ஒன்றுமில்லை. தோல் கறுத்துக் கனிந்த நேந்திரம்பழத்தை நீளவாக்கில் சீவி, லேசாகப் பொரித்து, விரல் கனத்துக்கு நறுக்கிய வெள்ளைச் சீஸைச் சுற்றிப் பல்குச்சி குத்தி, மறுபடி எண்ணெயில் புரட்டி எடுத்தால் ஆயிற்று. பழம் தித்திக்கும், சீஸ் கரிக்கும். சாப்பாட்டுக்கு முன்னால் கொறிக்க அதுபோல ஒன்றில்லை. ஆனால் எங்கள் ஊர்ச் சீஸில் உப்பு அதிகம். சற்று நேரம் தண்ணீரில் ஊறவைக்க வேண்டும். குழாயில் தண்ணீர் வருவதே அபூர்வமான ஊரில் சீஸுக்கெல்லாம் தண்ணீர் செலவழிக்க நெலிட்சாவுக்கு மனம் வராது. பெயருக்கு நனைத்து எடுப்பாள்.

அதனால் முதல் வாய் கடித்ததும் எடிக்தா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நாற்காலியில் சாய்வாள். "ஏண்டி நெலி, நம்ம ஊரு கரிக்கிற ஏரித் தண்ணியிலயே முக்கி எடுத்தியா? என்னைக் கொன்னுட்டு என் ஃபேனை எடுத்துக்கலாம்னு பாக்குறியா?" என்பாள். ஒவ்வொரு தடவையும் அதே வசவு. வைதுகொண்டே தட்டைக் காலி செய்பவளும் அவள்தான்.

அந்த எடிக்தா சிலி நாட்டில் இருக்கும் மகளிடம் போகிறாள். வீட்டைப் பூட்டிச் சாவியை மைத்துனனிடம் கொடுத்தாயிற்று. மறுநாள் காலையில் பஸ். அதற்கு முந்தின சாயங்காலம் சிநேகிதிகள் இருவரும் கடைசியாகச் சாப்பிட வருவதாக ஏற்பாடு. திரும்பி வருவேன் என்றுதான் எல்லோரும் சொல்லிவிட்டுப் போகிறார்கள். போகாதே என்று சொல்ல நெலிட்சா யார்? இங்கே மின்சாரம் ஒழுங்காக இருப்பதில்லை, மருந்து கிடைப்பதில்லை. அங்கே பேரன் இருக்கிறான். இந்த ஒரு தடவையாவது பலகாரம் கச்சிதமாக அமைய வேண்டும், அந்த ருசியோடு அவள் போக வேண்டும் என்று மட்டும் நினைத்தாள். தாராளமாகத் தண்ணீர் விட்டுச் சீஸை ஊறப்போட்டாள்.

அப்போது பார்த்துத் தெருவில் கூச்சல் கிளம்பியது. குழாயில் தண்ணீர். அந்தச் சத்தம் கேட்டால் எங்கள் தெருவில் அடுப்பை அணைத்துவிட்டு ஓடுபவர்கள் உண்டு, அணைக்காமல் ஓடுபவர்களும் உண்டு. நெலிட்சாவும் ஓடினாள். பீப்பாய், வாளி, காலிப் பாட்டில், சோற்றுப் பானை என்று கைக்கு அகப்பட்டதையெல்லாம் நிரப்பினாள். அடுத்த வீட்டில் நடமாட முடியாமல் கிடப்பவருக்கும் நிரப்பிக் கொடுத்தாள். பாவாடை சொட்டச் சொட்ட உள்ளே வந்தபோது வெயில் சாய்ந்திருந்தது.

அவசர அவசரமாகச் சீஸை நறுக்கிப் பழத்தில் சுருட்டி எண்ணெயில் போட்டாள். பலகையில் கிடந்த துணுக்கு ஒன்றை வாயில் போட்டபோதுதான் தெரிந்தது. சப்பென்றிருந்தது. உப்பு முழுக்கத் தண்ணீரோடு போய்விட்டது. மேலே தூவிப் பார்த்தாள். நாக்கில் உப்பு தனியாகக் கரித்தது, உள்ளே எதுவும் சேரவில்லை. வீட்டில் வேறு சீஸும் இல்லை. வாசலில் சிநேகிதிகள் குரல் கேட்டுவிட்டது.

தட்டைக் கொண்டுபோய் வைத்தாள். ஒமைரா ஒரு கடி கடித்துவிட்டு மேஜைமேல் இருந்த உப்புக் குப்பிக்குக் கையை நீட்டினாள். அதற்குள் எடிக்தா குப்பியை எடுத்து மடியில் மறைத்துக்கொண்டாள். நெலிட்சா பேசத்தான் மாட்டாள், எதையும் பார்க்காமல் விடமாட்டாள். அதையும் பார்த்தாள்.

எடிக்தா ஒன்றை முழுதாகத் தின்றாள். நெஞ்சைப் பிடித்துக்கொள்ளவில்லை, சாயவுமில்லை. வாயைத் துடைத்துக்கொண்டு, "ரொம்ப நல்லா இருக்கு நெலிட்சா. எங்களால உனக்குத்தான் வீண் சிரமம்" என்றாள்.

புதிதாக ஒரு வீட்டுக்கு வந்தவர்கள் பேசுகிற பேச்சு அது. முழுப் பெயர் சொல்லி எடிக்தா அவளை இதுவரை கூப்பிட்டதே இல்லை.

என்னைத் திட்டு, வாயில வைக்க முடியலைன்னு சொல்லு என்று கெஞ்ச வேண்டும்போல இருந்தது நெலிட்சாவுக்கு. வாயில் குண்டூசி ஒன்றும் இல்லை. இருந்தும் வந்தது ஒன்றுதான்.

"இன்னும் ஒண்ணு எடுத்துக்கோ."

எடிக்தா எடுத்துக்கொண்டாள். மடியில் உப்பை வைத்துக்கொண்டே, மரியாதையாக, மெதுவாக மென்று தின்றாள்.