கைப்பிடியில் ஏழு முடிச்சு

சிவனு அண்ணனுக்குக் கை சும்மா இருக்காது. பொகவந்தலாவைக்கு மேலேயுள்ள எங்கள் தோட்டத்துத் தொழிற்சாலையில் பத்தொன்பது வருடம் தேயிலை காயவைக்கும் விறகுப் போறணை எரித்தவர். கால் மணிக்கொரு தடவை கதவைத் திறந்து, நெருப்பின் நிறம் பார்த்து, கம்பியால் ஒரு குத்துக் குத்துவார்.

போன மாசியில் போறணையை எடுத்துவிட்டுப் பரீட்சார்த்தமாக ஒரு நிலக்கரி உலை வைத்தார்கள். இதில் கரி முழுதாக எரியக் கூடாது. காற்றைக் குறைத்தால் கரி வாயுவாகும். அந்த வாயுவில் இன்ஜின் ஓடிக் கரண்ட் வரும். இன்ஜின் கக்கும் சூட்டில் தேயிலை காயும். தொழிலாளர் குடியிருக்கும் எங்கள் லயங்களில் முதலில் பட்டம் வாங்கியவன் நான், அதுவும் பொறியியலில். உலையை ஓட்டிக் காட்டுவது என் பொறுப்பு. உச்சியிலுள்ள மேல்வாய் வழியே கரி போடுவது அவர்.

முதல் நாளே கதவைத் திறந்தார். காற்றுப் புகுந்து வாயு உள்ளேயே எரிந்துவிட, இன்ஜின் இருமி நின்றது. மறுநாளும் திறந்தார். சுவாலை பாய்ந்து புருவம் பொசுங்கியது.

"சிவனு, நாளைக்கும் தொறந்தா, அடுத்த நாள் பெரட்டுக்குப் போயி மம்பட்டி வாங்கிக்க" என்றார் தொழிற்சாலையை நடத்தும் டீமேக்கர் ஐயா. காலையில் மலை வேலைக்கு ஆள் பிரிக்கும் இடம்தான் பெரட்டு. அண்ணனுக்கு இடுப்பு எலும்பு விலகியிருந்தது. மலையில் மண் வெட்ட அவரால் முடியாது.

"சொல்லியும் ஏண்ணே தொறக்கிறீங்க?"

"நெருப்பு பசியில கெடக்கே தம்பி. பட்டினி போடத்தான் கெம்பஸுல படிச்சியா?"

"பட்டினி போட்டாத்தாண்ணே கேஸ் வரும்."

"ஒங்கப்பன்கிட்ட சொல்லிறாத. சிரிச்சே செத்துருவாரு."

மூன்றாம் நாள் காலை, மலைக்குப் போகும் வழியில் அவர் மனைவி காளியாயி உள்ளே வந்தார். கொழுந்தெடுக்கும்போது இடுப்பில் கட்டும் படங்கில் ஒரு துண்டைக் கிழித்து, உலைக் கதவின் கைப்பிடியில் ஏழு முடிச்சுப் போட்டார்.

"இத அவுக்குறதுக்குள்ள புத்தி வந்துரும்."

அண்ணன் நடந்தார், உட்கார்ந்தார், மறுபடி நடந்தார். பத்து மணிக்கு இரண்டு முடிச்சு அவிழ்ந்திருந்தது. சாப்பாட்டு நேரத்தில் நான்கு. மூன்று மணிக்கு இன்ஜினின் சத்தம் மெலிந்தது. அவர் விரல் ஏழாவது முடிச்சில் இருந்தது.

"அண்ணே…"

"பேசாத." தலையைச் சாய்த்துக் கேட்டார். "கரி கேக்குது."

ஏணியில் ஏறி மேல்வாயில் கரி கொட்டினார். கொஞ்ச நேரத்தில் சத்தம் தடித்தது.

மாலையில் கடைசித் தேயிலையும் காய்ந்த பிறகு டீமேக்கர் ஐயா வந்து கைப்பிடியைப் பார்த்தார்.

"இது என்ன?"

"பூட்டுங்கய்யா."

"நாளைக்கும் பூட்டிக்க."

அண்ணன் அங்கேயே நின்று, மற்ற ஆறு முடிச்சுகளையும் போடத் தொடங்கினார்.