சீதனக் கடையின் பின்சுவர்

வருடத்தில் இரண்டு மூன்று தடவையாவது பருத்தித்துறையில் எங்கள் கடற்கரைத் தெருவுக்குப் படம் பிடிக்கிறவர்கள் வருவார்கள். வெளிநாட்டில் பிறந்த எங்கள் பிள்ளைகள், கொழும்பிலிருந்து வரும் மாணவர்கள், சும்மா வெயில் காய வந்தவர்கள் என்று பலவகை. பழைய சுங்கக் கட்டிடத்தின் வளைவுகளையும், கூரையில்லாத பண்டசாலையையும், பலகைக் கதவு போட்ட பலசரக்குக் கடையையும் எடுத்து முடித்துவிட்டு, கடைசியில் என் கடைக்கு முன்னால் வந்து நிற்பார்கள். முன்பக்கம் தூண்களோடு முழுசாக நிற்கிறது. உள்ளே எட்டிப் பார்த்தால் பின்சுவர் இல்லை, நேரே கடல். "ஷெல் விழுந்ததோ அன்ரி?" என்று கேட்பார்கள். எங்கள் பக்கத்தில் உடைந்து கிடக்கிற எதையும் யுத்தத்தின் தலையில் போட்டுவிடலாம், ஒருவரும் மறு கேள்வி கேட்பதில்லை. நானும் ஓம் என்று தலையை ஆட்டிவிட்டு என் பாட்டில் போவேன்.

ஷெல் விழவில்லை. விமானத்துக்கும், பீரங்கிக்கும், சுனாமிக்கும் அசையாமல் நின்ற சுவர் அது. அதை விழுத்தினது நான்தான். இப்போது அந்தக் கடை என் மகளின் பெயரில் இருக்கிறது. அவள் கனடாவில் இருக்கிறாள், நல்லாயிருக்கிறாள். அவளுக்குக்கூட நான் இதைச் சொன்னதில்லை.

கடை எனக்குச் சீதனமாக வந்தது, என் அம்மாவுக்கும் அப்படித்தான் வந்தது. எங்கள் குடும்பத்தில் ஆண்பிள்ளைகள் கப்பலுக்குப் போனார்கள், கட்டிடங்கள் பெண்பிள்ளைகளின் கழுத்தில் விழுந்தன. இரண்டடித் தடிப்பான சுவர். கடலுக்குள்ளிருந்து வெட்டியெடுத்த முருகைக்கல்லைச் சுண்ணாம்புச் சாந்து வைத்துக் கட்டியது. மேலே பனைமர வளை, அதற்கு மேலே ஓடு. ஒல்லாந்தர் காலத்தது என்று சிலர் சொல்வார்கள். எனக்குத் தெரியாது. நான் முப்பது வருடம் தபாற் கந்தோரில் முத்திரை குத்தினவள், சரித்திரம் படித்தவளல்ல.

அதில் வாடகைக்கு இருந்தவரை நான் தம்பி என்றுதான் கூப்பிடுவேன். என்னைவிட எட்டு வயது இளையவர். கடைசி இடப்பெயர்வு முடிந்து ஊர் திரும்பிய வருடமே வந்து கடைப் பூட்டின் திறப்பைக் கேட்டார். கடற்றொழில் சாமான்கள் விற்றார்: தங்கூசி வலை, நைலோன் கயிறு, தூண்டில், ஈயக்குண்டு, மிதப்பு. வள்ளங்கள் கரைக்கு வந்த பிறகு காலையில் கொஞ்ச நேரம் கடை நிறைந்திருக்கும். பிறகு அவர் ஒரு ஸ்ரூலை இழுத்துப் போட்டுப் பின்சுவரில் முதுகைச் சாய்த்துக்கொண்டு வலைக்குக் கயிறு கோப்பார். எந்த வெயிலிலும் அந்தச் சுவர் குளிர்ந்துதான் இருக்கும். கிழமைக்கு ஒருக்கா என் வீட்டுக்கு மீன் வரும். வேண்டாம் என்று சொன்னால் அடுத்த முறை பெரிய மீனாக வரும்.

மகளுக்கு அப்போது முப்பத்திநாலு வயது. எட்டில் செவ்வாய். ஏழு இடம் பேசி ஏழும் குழம்பிப்போயிற்று. கணவர் இல்லாத வீட்டில் கலியாணப் பேச்சு நடத்துவது எவ்வளவு கேவலமான வேலை என்று நடத்தினவர்களுக்குத்தான் தெரியும். தரகருக்குத் தேத்தண்ணி ஊற்றி ஊற்றியே ஒரு கேத்தில் தேய்ந்துபோயிற்று. பிள்ளை வங்கியிலிருந்து வந்து ஒன்றும் கேட்காமல் அறைக்குள் போய்க் கதவைச் சாத்துவாள். அவள் அழுதிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

எட்டாவதாக இணுவிலில் ஒரு இடம் பொருந்தியது. தோட்டம் துரவு உள்ள குடும்பம், மாப்பிள்ளை கனடாவில். தரகர் வந்து, "பிள்ளையைப் படத்திலை பாத்திட்டினம், அவைக்குப் பிடிச்சுப் போச்சு. ஆதனத்தை மட்டும் நேரிலை பாக்கவேணுமாம்," என்றார். பெண்ணைப் பார்க்கப் படம் போதும், சுவரைப் பார்க்க ஆள் வரவேண்டும். இதை நான் குறையாகச் சொல்லவில்லை. என் மாமனாரும் அப்படித்தான் வந்து, குடையால் தூணைத் தட்டிப் பார்த்துவிட்டுத்தான் சம்மதம் சொன்னார்.

நான் கடைக்குப் போய் மாப்பிள்ளை வீட்டாரின் கண்ணால் ஒருமுறை சுற்றிப் பார்த்தேன். முன்பக்கம் பிழையில்லை. பின்சுவரில்தான் சுண்ணாம்பு உரிந்து, கல் வெளியே தெரிந்தது. முருகைக்கல் உங்களுக்குத் தெரிந்திருக்கும், ஓட்டை ஓட்டையாக, நடுவில் சிப்பி பதிந்து, பார்த்தால் புண் மாதிரி இருக்கும். பலமில்லை என்று யாருக்கும் தோன்றும்.

அடுத்த நாளே மேசனைக் கூட்டிக்கொண்டு போனேன். அவர் சுவரை உள்ளங்கையால் தடவிப் பார்த்தார்.

"அம்மா, உது பழைய சுவர். சுண்ணாம்புதான் பூசவேணும். சீமெந்து பூசினால் உள்ளுக்கை ஏறுற உப்புத்தண்ணி வெளியிலை வர வழியில்லாமல் நிண்டிடும். கல்லைத் திண்டிடும்."

"சுண்ணாம்பு எண்டால் எவ்வளவு நாள் செல்லும்?"

"தண்ணியிலை நீத்திப் புளிக்க வைச்சு, பூசி, காய விட்டு... ரெண்டு மாசம் போகும்."

"வாற புதன்கிழமைக்கு அடுத்த புதன் ஆக்கள் வருகினம்."

அவர் என் முகத்தைப் பார்த்தார். எனக்கு ஒரு குமர் இருக்கிறாள் என்று ஊருக்கே தெரியும். "அப்ப சீமெந்துதான்," என்றார். "பிறகு என்னைக் கேக்கக்கூடாது." கேட்பதற்கு அவரும் இருக்கவில்லை. புரட்டாதியில் கட்டாருக்குப் போய்விட்டார்.

மூன்று நாளில் பூச்சு முடிந்தது. இளமஞ்சள் பெயின்ற் அடித்தோம். கோடு பிடித்த மாதிரி நேரான, வழுவழுப்பான சுவர். தெருவில் பக்கத்துக் கடைக்காரர்கள் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. இவ்வளவு காலம் செய்யாமல் விட்டது என் சோம்பல்தான் என்றுகூட நினைத்தேன்.

ஒரு கிழமை கழித்துத் தம்பி சொன்னார், "அக்கா, சுவர் வேர்க்குது."

"உமக்கு வேர்க்குதாக்கும். ஃபானைப் போட்டுக்கொண்டு இரும்."

அவர் சிரித்தார். அவர் அப்படித்தான், நான் என்ன சொன்னாலும் சிரிப்பார். ஆனால் சுவரின் அடியில் பெயின்ற் பொங்கியிருந்ததையும், அதன் மேல் உப்பு வெள்ளையாகப் பூத்திருந்ததையும் காட்டினார். நான் ஈரச்சீலையால் துடைத்தேன். துடைத்த இடம் பளிச்சென்று இருந்தது, அதோடு விட்டுவிட்டேன்.

புதன்கிழமை மாப்பிள்ளையின் தகப்பன், தாய், ஒரு மாமன் மூன்று பேரும் வந்தார்கள். தகப்பன் ஒவ்வொரு சுவராகப் போய் விரல் முட்டியால் தட்டினார். பின்சுவருக்கு வந்து இரண்டு இடத்தில் தட்டினார். டொக் டொக் என்று கேட்டது. புதுச் சீமெந்து அப்படித்தான் கேட்கும். பிறகு திரும்பித் தம்பியைப் பார்த்து, "தம்பி, நீர் கனகாலமா உதுக்குள்ளை இருக்கிறீர். உண்மையைச் சொல்லும், சுவர் எப்பிடி?" என்று கேட்டார்.

தம்பி என்னைப் பார்த்தார். சாய்ந்திருந்து எழும்பினவர், சேட்டின் முதுகு நனைந்திருந்தது எனக்குத் தெரியும். அவர் திரும்பவில்லை. வந்தவர்களுக்கு முகத்தைக் காட்டிக்கொண்டே நின்றார்.

"கருங்கல்லு மாதிரி ஐயா. உங்கடை பேரப்பிள்ளையள் காலத்துக்கும் நிக்கும்."

அன்றைக்கே வாய்ச்சம்மதம் சொல்லிவிட்டார்கள். தையில் கலியாணம் என்று முடிவாயிற்று. மகளிடம் சொன்னபோது அவள் "சரி" என்று மட்டும் சொன்னாள், ஆனால் அன்று கதவைச் சாத்தவில்லை. குசினிக்குள் வந்து எனக்குத் தேங்காய் துருவித் தந்தாள். என் பிள்ளைக்காக ஒரு மனுசன் வாய் கூசாமல் பொய் சொன்னானே என்று நினைத்து நினைத்து நான் சந்தோஷப்பட்டேன். அந்தப் பொய்யின் மேல் முதுகைச் சாய்த்துக்கொண்டு இருக்கப்போகிறவர் அவர்தான் என்று எனக்கு ஓடவில்லை.

ஐப்பசியில் மழை தொடங்கியது. தம்பி வீட்டுக்கு வந்தார். அவர் வீட்டுக்கு வருவது குறைவு, வந்தாலும் வாசலோடு போய்விடுவார். அன்றைக்கு உள்ளே வந்து இருந்தார்.

"அக்கா, அடியிலை ஒரு ரெண்டடிக்குப் பூச்சைக் கொத்தி விடட்டே? நானே கொத்துறன். சுவர் உள்ளுக்கை ஊறிப்போய்க் கிடக்கு. கை வைச்சால் தெரியுது."

"இப்பவோ? சீதன உறுதி எழுத முதல் அவை இன்னொருக்கா வந்து பாக்கக்கூடும். கொத்தின சுவரைக் கண்டால் என்ன நினைப்பினம்?"

"அதுவும் சரிதான்."

"தை முடியட்டும் தம்பி. பிறகு முழுக்கக் கொத்தி உம்மடை விருப்பப்படி செய்யும்."

"சரி அக்கா. தை வரைக்கும்தானே." தேத்தண்ணியைக் குடித்துவிட்டு எழும்பிப் போனார். அவர் வற்புறுத்தியிருந்தால் நான் விட்டிருப்பேனா? விட்டிருக்கமாட்டேன். அவர் வாடகையைக் குறைக்க அடி போடுகிறார் என்றுதான் நான் அன்று நினைத்தேன். இதை எழுதும்போது கை கூசுகிறது.

கார்த்திகையில் மூன்று நாள் விடாத மழை. நாலாம் நாள் காலையில் வானம் வெளித்தது. நான் உடுப்புக் காயப்போட்டுக்கொண்டு நிற்கும்போது பின்சுவர் தம்பியின் மேல் விழுந்துவிட்டது என்று பக்கத்துக் கடைக்காரர் ஓடிவந்தார். போய்ச் சேரும்போது தம்பியை அம்புலன்சில் ஏற்றிவிட்டார்கள். நிலத்தில் வலைகள் ஈரமாகக் கிடந்தன. சீமெந்துப் பூச்சு பெரிய பெரிய பாளமாக, இளமஞ்சள் பெயின்ற் கீறல்கூட இல்லாமல் கிடந்தது. அதற்குப் பின்னால் இருந்த கல்லைக் கையில் எடுத்தேன். குழைத்த மா மாதிரி விரலுக்குள்ளால் வழிந்தது. மேசன் சொன்னது அத்தனையும் என் உள்ளங்கையில் இருந்தது. நான் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டேன்.

நாலு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தார். ஒரு வார்த்தை கதைக்கவில்லை. ஐந்தாம் நாள் விடிய முடிந்துவிட்டது. செத்தவீட்டில் எல்லாரும் என்னிடம் வந்து ஆறுதல் சொன்னார்கள், கடை இடிந்ததற்கு. பழைய கட்டிடம்தானே, அடைமழைதானே, கடல் உப்புத்தானே என்று காரணங்களை அவர்களே எனக்கு எடுத்துத் தந்தார்கள். நான் ஒவ்வொன்றாக வாங்கிக்கொண்டேன்.

இணுவிலில் இருந்து தொலைபேசி வந்தது. தையில் கலியாணம் வைத்திருக்கையில் சீதனச் சுவர் விழுந்து ஆள் செத்தது சகுனப் பிழை என்று தாய் சொல்கிறாவாம். தகப்பனுக்கு வேறு கவலை. கட்டிடமே உக்கலோ, தங்களுக்கு ஒளித்தோமோ என்று கேட்டார். "யோசிச்சுச் சொல்லுறம்," என்றார். ஏழு இடத்திலும் நான் கேட்ட அதே வசனம். மகள் பிறகு சமையலுக்கு வரவில்லை.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி. விடிய கீரிமலைக்குப் போய்க் கிரியை முடித்து வந்து, மத்தியானம் வீட்டில் சாப்பாடு கொடுத்தார்கள். நானும் போயிருந்தேன். பந்தி எழும்பின பிறகு தம்பியின் மனைவி என்னைக் கையைப் பிடித்து அறைக்குள் கூட்டிக்கொண்டு போனாள். அவளுக்குத் தெரிந்துவிட்டது, சுவர் விழ முதலே தம்பி எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறார் என்று நினைத்தேன். சொல்லட்டும், காறித் துப்பட்டும், காலில் விழுவோம் என்றுகூட ஒரு கணம் தோன்றியது.

"அக்கா, என்னை மன்னிக்கவேணும்," என்றாள் அவள்.

எனக்கு விளங்கவில்லை.

"சாமான் வைக்க இடமில்லை எண்டு நான்தான் பின்சுவரிலை தட்டு அடிக்கச் சொன்னனான். அந்தாள் வேண்டாம் வேண்டாம் எண்டுதான் சொன்னது. நான் கேக்கேல்லை. பெரிய ஆணி, நாலு. அடிச்சு மூண்டாம் நாள் விழுந்திட்டுது." அவள் கண்ணைத் துடைத்தாள். "நானே என்ரை மனுசனைக் கொண்டுபோட்டன். இப்ப உங்கடை பிள்ளையின்ரை கலியாணமும் குழம்பப்போகுதாம் எண்டு கதைக்கினம். அந்தப் பழியும் எனக்கு வேண்டாம் அக்கா."

நாலு ஆணிக்கு இரண்டடிச் சுவர் விழாது. அதைச் சொல்ல ஒரு மூச்சுப் போதும். வாயைத் திறந்தேன், சத்தியமாகத் திறந்தேன். பக்கத்தில் சுவரில் அவருடைய படம், புது மாலை. என் கண்ணுக்குத் தெரிந்தது வீட்டில் சாத்திக் கிடக்கிற கதவு.

"நடந்தது நடந்துபோச்சு," என்றேன். "நீங்கள் வேணுமெண்டே செய்தனீங்கள்?"

அவள் என் இரண்டு கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "மாப்பிள்ளை வீட்டாருக்கு நான் சொல்லுறன் அக்கா, கட்டிடத்திலை ஒரு பிழையுமில்லை, ஆணி அடிச்ச எங்களிலைதான் பிழை எண்டு. நான் சொன்னால் நம்புவினம்தானே?"

நம்புவார்கள். புருஷனைப் பறிகொடுத்தவள் சொன்னால் யார்தான் நம்பமாட்டார்கள்? நான் கைப்பையிலிருந்து ஃபோனை எடுத்தேன். இணுவில் இலக்கத்தை அழுத்தி, மணி அடிக்கத் தொடங்கியதும் அவள் கையில் கொடுத்தேன்.

"ஐயா, நான் அந்தக் கடைக்காரற்றை மனுசி கதைக்கிறன்," என்று தொடங்கினாள். "பிழை எங்களிலைதான் ஐயா..." அதற்கு மேல் அழுகை வந்து குரல் இறங்கிவிட்டது. அந்தப் பக்கம் "ஆர்? என்ன?" என்று கேட்டது.

"கொஞ்சம் பலமாச் சொல்லுங்கோ தங்கச்சி," என்றேன் நான். "அவருக்குக் காது மந்தம்."