வாப்பாவின் சோற்றுக்கை

எங்கள் வாப்பா ஹாஷிம், அக்குறணைக் கடைத்தெருவில் முப்பத்தைந்து வருடமாகப் பீங்கான் கடை வைத்திருப்பவர். கோப்பையை எடுத்து விரலால் ஒரு தட்டுத் தட்டுவார். சத்தம் பிசகினால், "இதுல கீறல் ஈக்கி, எடுக்க வாணாம்" என்று வாங்க வந்தவரிடம் தானே சொல்லிவிடுவார். இப்படி ஒரு மனிதரைக் கட்டிக்கொண்டு குடும்பம் நடத்துவது எவ்வளவு கஷ்டம் என்பதை உம்மாவிடம்தான் கேட்க வேண்டும். ஆனால் உம்மா அதையெல்லாம் சொல்லமாட்டார். றலியா என்று அவருக்கு ஒரு பெயர் இருப்பதே ஆஸ்பத்திரியில் படிவம் நிரப்பும்போதுதான் எங்களுக்கு ஞாபகம் வந்தது.

ஹஜ்ஜுப் பெருநாள் முடிந்து இரண்டாவது வியாழக்கிழமை காலை, கடையில் கோப்பைகளைப் பேப்பரில் சுற்றிக்கொண்டிருந்த வாப்பாவின் கையிலிருந்து ஒரு கோப்பை நழுவியது. அதைக் குனிந்து எடுக்கப் போனவர் அப்படியே சரிந்துவிட்டார். என் அண்ணன் ஸாகி நானா வேனில் ஏற்றி, கட்டுகஸ்தோட்டை நெரிசலுக்குள் ஹோர்ன் அடித்துக்கொண்டே கண்டி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தார். பாரிசவாதம். உயிருக்கு ஆபத்தில்லை, ஆனால் வலப் பக்கம் விழுந்துவிட்டது என்றார்கள். பதினோராம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள்.

எங்கள் பக்கத்தில் பெண்பிள்ளைக்குத்தான் வீடு. நானும் என் கணவர் ரஸீனும் உம்மா வாப்பாவோடு இருக்கிறோம். ஸாகி நானா மனைவியின் ஊரான கலகெதரயில் இருக்கிறார். ஆகவே வாப்பாவின் கட்டில் என் பொறுப்பு. மருந்து, கிளினிக், சுகம் விசாரிக்க வருகிறவர்களுக்குத் தேத்தண்ணி எல்லாமும் என் பொறுப்புத்தான். வருகிறவர்கள் ஒரு பெட்டி பிஸ்கட்டைக் கொடுத்துவிட்டு, இதே வருத்தம் வந்து மௌத்தாகி அடக்கமான நாலு பேரின் கதையை வாப்பாவின் காதுபடச் சொல்லிவிட்டுப் போவார்கள். அவர்கள் வாயில் அந்த பிஸ்கட்டையே அடைக்கலாமா என்று எனக்குத் தோன்றும்.

கால் முதலில் வந்தது. ஒரு மாதத்தில் சுவரைப் பிடித்து நின்றார். பிறகு என் தோளைப் பிடித்துக் குளியலறைவரை நடந்தார். வாய்க் கோணலும் நேராகி, பேச்சு மெதுவாக, துண்டு துண்டாக வந்துவிட்டது. கைதான் வரவில்லை. யாரோ மறந்து வைத்துவிட்டுப் போன பொருள் மாதிரி மடியில் கிடந்தது. கிளினிக்கில் டாக்டர் ஒளிக்காமல் சொன்னார்: முதல் மூன்று மாதத்துக்குள் விரல்கள் அசையத் தொடங்கினால் நல்லது, இல்லாவிட்டால் பெரிதாக எதிர்பார்க்க வேண்டாம். அந்த மூன்று மாதம் முடியும்போது வரும் அடுத்த கிளினிக் திகதியைக் கலண்டரில் வட்டமிட்டு வைத்தேன். அதன் பிறகு அந்தக் கலண்டரைப் பார்க்கவே எனக்குப் பயமாக இருந்தது.

செவ்வாய்க்கிழமைகளில் நிஷாந்தி மிஸ் வீட்டுக்கு வந்து கைகால் பயிற்சி கொடுத்தார். நாவலப்பிட்டிப் பிள்ளை, முப்பது வயதுகூட இருக்காது. ஆனால் அதட்டினால் ரஸீனே எழுந்து நிற்பார்.

"ஆன்டி, நீங்க ஊட்டவே கூடாது" என்பார் உம்மாவிடம். "தட்டை முன்னால வச்சிட்டு எந்திரிச்சுப் போயிருங்க. பசிச்சா கை தானா முயற்சி பண்ணும்."

உம்மா பக்தியோடு தலையாட்டுவார். மிஸ்ஸின் த்ரீவீலர் தெரு முடக்கில் திரும்பியதுதான் தாமதம், சோற்றைப் பிசைந்து வாப்பாவின் வாயருகே கொண்டுபோவார்.

கரண்டியை இடக் கையில் கொடுத்துப் பார்த்தோம். வாப்பா தொடமாட்டார். இடக் கையால் தின்பது அவருக்கு ஆகாது. பள்ளிவாசல் மௌலவி வந்திருந்தபோது, நோயாளிக்கு அது குற்றமில்லை என்று தெளிவாகச் சொன்னார். வாப்பா மரியாதையாகக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, மௌலவி போனதும் உம்மாவைப் பார்த்து வாயைத் திறந்தார்.

"நீங்க இப்படி ஊட்டி ஊட்டியே அந்தக் கைய மௌத்தாக்குறீங்க, உம்மா!" என்று நான் ஒருநாள் கத்திவிட்டேன்.

"பசியோட ஈக்கிற மனிசனப் பாத்துக்கிட்டு ஈக்க எனக்கு ஏலா, மகள்" என்றார் உம்மா. கண் கலங்கியிருந்தது.

வாப்பாவுக்கு ஒரு பிடி ஊட்டிவிட்டு, அதே பீங்கானில் உம்மா தனக்கு ஒரு பிடி எடுப்பார். தனியாகச் சாப்பிட நேரமில்லாததால் அப்படி ஒரு வசதி. கட்டில் ஓரத்தில் கதிரையை இழுத்துப் போட்டு, முழங்கால் முட்ட உட்கார்ந்து, யார் வீட்டுக் கல்யாணம், மீன் என்ன விலை என்று ஏதாவது சொல்லிக்கொண்டே ஊட்டுவார். வாப்பா மென்றுகொண்டே கேட்டுக்கொண்டிருப்பார். அடுத்த வீட்டில் தகரக் கூரை பிரித்துப் போட்டாலும் இருவர் காதிலும் விழாது.

பத்து வாரம் கழிந்தது. கலண்டர் வட்டத்துக்கு இன்னும் இரண்டே வாரம். ஒருநாள் பின்னேரம், அஸர் தொழுகை நேரம், வாப்பா கதிரையில் இருந்தபடி தொழுதுகொண்டிருந்தார். நான் மடித்த உடுப்புகளை அலுமாரியில் வைக்கப் போனேன். தொழுகிறவரை யாரும் உற்றுப் பார்ப்பதில்லை. நானும் பார்க்கவில்லை. ஆனால் அலுமாரிக் கதவில் கண்ணாடி இருக்கிறது, அதில் வாப்பா தெரிந்தார்.

தொழுகையின் கடைசி இருப்பில், அல்லாஹ்வைத் தவிர வேறு இறைவன் இல்லை என்று சாட்சி சொல்லும் இடத்தில், வலக்கைச் சுட்டுவிரலை உயர்த்துவது எங்கள் வழக்கம். வாப்பாவின் மடியில் கிடந்த கையிலிருந்து அந்த விரல் எழுந்தது. மற்ற விரல்கள் மடங்கியிருக்க, சுட்டுவிரல் மட்டும் மெதுவாக, ஆனால் நிச்சயமாக உயர்ந்து நின்றது. ஸலாம் கொடுத்துத் தொழுகை முடியும்வரை இறங்கவில்லை.

என் கையிலிருந்த உடுப்பெல்லாம் கீழே விழுந்தது.

"வாப்பா! விரலத் தூக்குங்க! இப்ப தூக்கின மாதிரித் தூக்குங்க!"

வாப்பா என்னைப் பார்த்தார். விரலைப் பார்த்தார். பிறகு ஜன்னலைப் பார்த்தார். விரல் அசையவில்லை.

பழக்கத்தில் தானாக எழுந்திருக்கும், அவருக்கே தெரியாமல் நடந்திருக்கும் என்று நினைத்தேன். உம்மாவிடம் சொல்லவில்லை. வீணாக ஆசை காட்டி, அது இல்லையென்று ஆகிவிட்டால் உம்மா தாங்கமாட்டார். மறுநாள் பகல் லுஹர் தொழுகைக்குப் போனை எடுத்துக்கொண்டு கதவுக்குப் பின்னால் நின்றேன். தொழுகிற மனிதரைக் களவாகப் படம் பிடித்ததற்கு அல்லாஹ் என்னை மன்னிக்க வேண்டும். விரல் எழுந்தது. அந்தி மஃரிப் தொழுகையிலும் எழுந்தது. இரண்டையும் நிஷாந்தி மிஸ்ஸுக்கு அனுப்பினேன்.

ஐந்து நிமிடத்தில் போன் வந்தது. "அக்கா, இது சின்ன விஷயம் இல்ல. சுட்டுவிரல் நேரா எந்திரிச்சா மத்த விரலும் வரும்னு தைரியமா நம்பலாம். ஆனா ஒன்னு கேக்குறேன், மடியில கைய வைக்கும்போது பாத்தீங்களா? மத்த விரல இடக் கையால அவரே மடக்கி வைக்கிறாரு. இது பழக்கத்துல தானா வர்றது இல்ல. அங்கிளுக்குத் தெரிஞ்சுதான் செய்றாரு."

செவ்வாய்க்கிழமை மிஸ் வந்தார். ரஸீன் கடையைத் திறக்கப் போகாமல் வீட்டில் நின்றார். உம்மா ஒன்றும் புரியாமல் கதவு நிலையில் சாய்ந்து நின்றார். மிஸ் வாப்பாவின் முன்னால் முக்காலியில் அமர்ந்து போனைக் காட்டினார்.

"இது எத்தனை நாளா, அங்கிள்?"

வாப்பா தன் விரல் எழும்புவதைத் தானே பார்த்தார். காது மடல் இரண்டும் சிவந்துவிட்டன. தொழுகையில் பொய் செய்ய முடியாது, அதனால் அங்கே விரலைத் தூக்கியிருக்கிறார். மற்ற நேரத்தில் நாங்கள் தூக்கச் சொன்னபோதெல்லாம் பேசாமல் ஜன்னலைப் பார்த்திருக்கிறார். யோசித்துப் பார்த்தால் 'ஏலாது' என்று வாயால் ஒருநாளும் சொல்லவில்லை. பொய் சொல்லாத மனிதர் எப்படி ஊரை ஏமாற்றுவார் என்பதை அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

"பதி... னாறு நாள்" என்றார்.

"பதினாறு நாளா!" மிஸ்ஸின் குரல் ஏறியது. "ரொம்ப முக்கியமான நாள் அங்கிள் இதெல்லாம்! இந்நேரம் பிடிக்கிற பயிற்சியே தொடங்கியிருக்கலாம். ஏன் மறைச்சீங்க?"

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. பதினாறு நாளும் அந்தக் கலண்டரை நினைத்து நினைத்து நான் செத்துப் பிழைத்திருக்கிறேன். வாய் திறக்கப் போனேன். ரஸீன் என் கையைப் பிடித்தார்.

வாப்பா, உம்மா நின்ற பக்கம் தலையைத் திருப்பவில்லை. தன் கையைப் பார்த்தபடியே சொன்னார்.

"கை சரி வந்தா... இவ திரும்பக் குசினிக்குப் போயிருவா."

உம்மா கதவு நிலையிலிருந்து நிமிர்ந்தார்.

"முப்பத்தெட்டு வருஷம்... ஒரு நாளாவது... பக்கத்துல இருந்து... சோறு தின்னீக்காளா?"

உண்மை. எங்கள் வீட்டில் ஆண்கள் முதலில், பிறகு பிள்ளைகள், பிறகு வந்தவர் போனவர். உம்மா சாப்பிட்டதை நான் ஒழுங்காகப் பார்த்ததே கிடையாது. குசினி அடுப்படியில் நின்றபடி, சட்டியை வழித்து, இரண்டு பிடியில் முடித்துவிடுவார். அதை யாரும் அவருக்குச் சட்டம் போடவில்லை. அவராகவும் மாற்றவில்லை. வாப்பா அதைக் கவனித்திருப்பார் என்று நான் கனவிலும் நினைத்ததில்லை.

உம்மாவுக்குத்தான் முதலில் குரல் வந்தது.

"அல்லாஹ்வே! இந்த ஒரு விரலக் கேட்டுத்தானே நான் ராவு ராவா அழுத! நீங்க அத மடிக்குள்ள ஒளிச்சி வெச்சீக்கிறீங்களே!" முந்தானையால் கண்ணைத் துடைத்தார். "வந்து பக்கத்துல இரி எண்டு ஒரு வார்த்த சொல்லியீந்தா வராமலா போவேன்?"

வாப்பா நிமிர்ந்து பார்த்தார். அறுபத்துமூன்று வயது மனிதர், கல்யாண மாப்பிள்ளை மாதிரிச் சிரித்தார்.

"கேக்க... வெக்கம்."

நிஷாந்தி மிஸ் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார். ரஸீன் வாய்விட்டுச் சிரித்துவிட்டார். நான் சிரித்தேனா அழுதேனா தெரியாது. பத்து வாரமாக நெஞ்சில் கிடந்த பாரம் இறங்கியது மட்டும் தெரியும். கை வரப்போகிறது. எங்கள் வாப்பாவின் கை வரப்போகிறது. சுக்ரு லில்லாஹ், அல்லாஹ்வுக்கே நன்றி.

மிஸ் இன்னொரு நோயாளியைப் பார்க்கப் போக வேண்டியிருந்தது. போகும்போது வாசலில் நின்று, "ஆன்டி, இனிமே கூட உக்காருங்க, ஆனா ஊட்டினீங்கன்னா எனக்கு நல்லாக் கோவம் வரும்" என்று சொல்லிவிட்டு த்ரீவீலரில் ஏறினார்.

பகல் சாப்பாட்டுக்கு உம்மா ஒரே ஒரு பீங்கானில் சோறு போட்டு வந்தார். பருப்பு, கத்தரிக்காய், மாசிச் சம்பல். கதிரையை வழக்கம்போல் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். வாப்பாவின் மடியில் தலையணை வைத்து, அதன் மேல் பீங்கானை வைத்தார்.

"பிஸ்மி சொல்லித் தின்னுங்க. உங்கட கையால. நான் இங்கதான் ஈக்கிற."

வாப்பா இடக் கையால் வலக் கையைத் தூக்கிச் சோற்றில் வைத்தார். விரல்கள் கூடுவதற்கே வெகுநேரம் ஆனது. முதல் பிடி உடுத்திருந்த சாரத்தில் விழுந்தது. இரண்டாவது பீங்கானிலேயே உதிர்ந்தது. உம்மாவின் கை இரண்டு தடவை பாதி தூரம் போய்த் திரும்பி வந்தது. நான் கதவோரம் நின்று நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தேன். மூன்றாவது பிடியில் பாதி தாடியில் ஒட்டிக்கொண்டது, பாதி வாய்க்குள் போனது. வாப்பா கண்ணை மூடி மென்றார்.

உம்மா பீங்கானின் இந்தப் பக்கத்தில் தனக்கு ஒரு பிடி எடுத்துப் பிசைந்தார்.

அரை மணி நேரமாகியும் பீங்கானில் பாதிச் சோறு இருந்தது. அப்போது கலகெதரயிலிருந்து ஸாகி நானா போன் எடுத்தார். விஷயத்தைச் சொன்னதும் அந்தப் பக்கத்திலிருந்து விம்மல்தான் கேட்டது. உடனே உம்மாவிடம் பேச வேண்டும் என்றார். மகனின் போன் என்றால் அடுப்பில் பால் பொங்கினாலும் விட்டுவிட்டு ஓடி வருகிறவர் உம்மா. போனை எடுத்துக்கொண்டு அறைக்குள் போனேன்.

"உம்மா, நானா பேசணுமாம்."

உம்மா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"பொறகு எடுக்கச் சொல்லு மகள். உம்மா சோறு தின்னுறாண்டு சொல்லு."